நான்கு சக்கரமும் இழுக்க வேண்டுமா?

திருச்சி உறையூரிலிருந்து புறப்பட்ட ஒரு வண்டி இரண்டு, இரண்டரை மணி நேரத்துக்குள் நான்கு வகைத் தரைகளைத் தொட்டுவிடலாம். காவிரியிலும் கொள்ளிடத்திலும் மணல். லால்குடிப் பக்கம் நடவுக்குத் தயாராகும் சேற்று வயல். துறையூரைத் தாண்டினால் பச்சைமலை, நாமக்கல் பக்கம் போனால் கொல்லிமலை. மிச்சமெல்லாம் சென்னைக்கும் மதுரைக்கும் கரூருக்கும் தஞ்சாவூருக்கும் போகிற நெடுஞ்சாலை. ஃபோர் வீல் டிரைவும் ஆல் வீல் டிரைவும் ஒன்றா, வேறென்றால் எதில் வேறு, நம் ஊர்க்காரருக்கு இரண்டில் எது வேண்டும் என்ற பழைய கேள்விகளை வைத்துப் பார்க்க இந்தத் தரைகளே போதும்.

விற்பனைக் கூடத்தில் இதற்குத் தெளிவான விடை கிடைக்காது. ஜீப் காம்பஸின் பின்கதவில் 'ஃபோர் பை ஃபோர்' என்று எழுதியிருக்கும். ஆனால் அதன் அமைப்பு ஆல் வீல் டிரைவ் குடும்பத்தைச் சேர்ந்தது. வாகனப் பொறியாளர்களின் அமெரிக்கச் சங்கமான எஸ்.ஏ.இ. தன் ஜே1952 என்ற வகைப்பாட்டில் எல்லாவற்றையும் ஆல் வீல் டிரைவ் என்ற ஒரே தலைப்பில் போட்டு, அதற்குள் பகுதி நேரம், முழு நேரம், தேவைக்கேற்ப என்று பிரிக்கிறது. பொறியாளர் ஒரு பெயரும் விற்பவர் இன்னொரு பெயரும் சொல்லும்போது, பெயரை விட்டுவிட்டு வண்டிக்கு அடியில் இருப்பதைப் பார்ப்பதுதான் வழி.

வளைவில் வரும் சிக்கல்

ஒரு கார் திரும்பும்போது அதன் நான்கு சக்கரங்களும் நான்கு வேறு வட்டங்களில் ஓடுகின்றன. வெளிப்பக்கச் சக்கரம் உள்பக்கச் சக்கரத்தைவிட அதிக தூரம் போக வேண்டும். அதற்கு இடம் கொடுக்கத்தான் இழுக்கும் ஆக்சிலில் டிஃபரன்ஷியல் வைத்திருக்கிறார்கள். இன்னொரு வேறுபாடும் உண்டு, அது அவ்வளவாகக் கண்ணில் படுவதில்லை: முன் ஆக்சில் எப்போதும் பின் ஆக்சிலைவிடப் பெரிய வட்டத்தில் போகிறது.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். மஹிந்திரா தாரின் முன் பின் ஆக்சில்களுக்கு இடையே உள்ள தூரம் 2,450 மில்லிமீட்டர். பின் ஆக்சிலின் நடுப்புள்ளி 5 மீட்டர் ஆரத்தில் முழு வட்டம் அடித்தால் 31.4 மீட்டர் ஓடும். அதே நேரத்தில் முன் ஆக்சிலின் நடுப்புள்ளி ஏறக்குறைய 35 மீட்டர் ஓடியாக வேண்டும். கொண்டை ஊசி வளைவை அரை வட்டமாக எடுத்துக்கொண்டால், ஒவ்வொரு வளைவிலும் முன்பக்கம் சுமார் 1.8 மீட்டர் கூடுதலாகப் போகிறது.

முன் சக்கரம் மட்டுமோ பின் சக்கரம் மட்டுமோ இழுக்கும் வண்டியில் இதனால் ஒன்றும் ஆகாது. இரண்டு ஆக்சில்களையும் இணைக்கும் தண்டே அதில் இல்லை. நான்கு சக்கரங்களையும் ஒரே எஞ்சினோடு பிணைத்தால்தான் அந்த 1.8 மீட்டரை என்ன செய்வது என்ற கேள்வி வருகிறது. அதற்கு இரண்டு விடைகள் உண்டு. இரண்டு முறைகளும் அங்கேதான் பிரிகின்றன.

பூட்டுவதும் பகிர்வதும்

முதல் விடை, அந்த வேறுபாட்டைத் தரையின் பொறுப்பில் விட்டுவிடுவது. தார், ஜிம்னி, ஃபோர்ஸ் கூர்க்கா, டொயோட்டா ஃபார்ச்சூனர், இசுஸு வி-கிராஸ் போன்றவற்றில் இருக்கும் பகுதி நேர ஃபோர் வீல் டிரைவ் இதுதான். சாதாரணமாக வண்டி பின் சக்கரங்களால் ஓடும். ஓட்டுநர் லீவரையோ குமிழையோ 2எச் நிலையிலிருந்து 4எச் நிலைக்கு மாற்றினால், டிரான்ஸ்ஃபர் கேஸ் என்ற பெட்டி முன் தண்டையும் பின் தண்டையும் ஒன்றாகப் பூட்டிவிடும். அதன்பின் இரண்டும் ஒரே வேகத்தில்தான் சுற்றும். மணலிலும் சேற்றிலும் டயர் சற்றே வழுக்கி அந்த வேறுபாட்டைத் தானே தீர்த்துக்கொள்ளும். காய்ந்த தார்ச்சாலையில் டயர் வழுக்காது. முட்டுக்கட்டை போட்டுத் தெருமுனையில் திருப்பும் தேரைப் போல, சக்கரம் உருள முடியாமல் தரையில் அரைபட்டுக்கொண்டே திரும்பும். தண்டுகளில் முறுக்கம் ஏறும், ஸ்டியரிங் கனக்கும், 4எச்சிலிருந்து லீவர் வெளியே வர மறுக்கும். அதோடு நிறுத்தாமல் ஓட்டினால் டிரான்ஸ்ஃபர் கேஸ் பழுதாகும்.

இரண்டாவது விடை, வேறுபாட்டை வண்டிக்குள்ளேயே தீர்த்துவிடுவது. ஆல் வீல் டிரைவ் என்று விற்கப்படுபவை இந்த வழியில் போகின்றன. இதிலும் இரு கிளைகள் உண்டு. ஒன்றில் இரண்டு ஆக்சில்களுக்கும் நடுவே மூன்றாவதாக ஒரு டிஃபரன்ஷியல் இருக்கும். நான்கு சக்கரங்களும் எப்போதும் இழுக்கும், எந்தச் சாலையிலும் மாற்றவோ நிறுத்தவோ தேவையில்லை. ஆடியின் டார்சன் அமைப்பும் சுபாருவின் சில அமைப்புகளும் இந்த வகை. மற்றொன்று இன்று மிகுதியாகக் காணப்படுவது. அதில் வண்டி பெரும்பாலும் முன் சக்கரங்களால் ஓடும்; பின் ஆக்சிலுக்கு முன்னால் பல தகடுகள் கொண்ட கிளட்ச் ஒன்று இருக்கும். முன் சக்கரம் வழுக்குவதை, அல்லது வழுக்கப்போவதை, கணினி உணர்ந்து அந்தத் தகடுகளை இறுக்கி பின் சக்கரங்களுக்கும் விசையை அனுப்பும். மாருதி கிராண்ட் விட்டாராவின் ஆல்கிரிப், ஹூண்டாய் டூசானின் எச்டிராக், ஐரோப்பியக் கார்களில் புழங்கும் ஹால்டெக்ஸ் எல்லாம் இதன் வகைகளே.

குறைவேகப் பல்லிணை இன்னொரு பெரிய வேறுபாடு. டிரான்ஸ்ஃபர் கேஸில் 4எல் நிலை போட்டால் வண்டியின் வேகம் இரண்டு, இரண்டரை மடங்கு குறைந்து, சக்கரத்துக்குப் போகும் முறுக்குவிசை அதே அளவு கூடும். பாறைமேல் நடை வேகத்தில் ஏறவும், செங்குத்துச் சரிவில் பிரேக்கை மிதிக்காமல் எஞ்சினாலேயே கட்டுப்பட்டு இறங்கவும் இது வேண்டும். பெரும்பாலான ஆல் வீல் டிரைவ் கார்களில் இது கிடையாது. காம்பஸ் போன்ற சிலவற்றில் முதல் கியரையே மிகக் குறைவானதாக வைத்து ஈடுசெய்கிறார்கள்.

இரண்டு முறைகளுக்கும் பொதுவான பலவீனமும் உண்டு. ஒவ்வொரு ஆக்சிலிலும் சாதாரண டிஃபரன்ஷியல்தான் இருக்கிறதென்றால், முன்னே ஒரு சக்கரமும் பின்னே ஒரு சக்கரமும் காற்றில் சுற்ற, வண்டி நின்ற இடத்திலேயே நிற்கும். கூர்க்காவில் முன், பின் இரண்டு டிஃபரன்ஷியல்களையும் ஓட்டுநரே பூட்டலாம். ஜிம்னியில் சுற்றும் சக்கரத்தை மட்டும் பிரேக் பிடித்து, விசையை எதிர்ப்பக்கத்துக்குத் திருப்புகிறது கணினி. நான்கு சக்கரம் என்று எழுதியிருந்தாலும் எத்தனை சக்கரம் உண்மையில் இழுக்கும் என்பதை இதுதான் தீர்மானிக்கிறது.

போர்க்களத்திலிருந்து, பனிச்சாலையிலிருந்து

நான்கு சக்கரங்களையும் இழுக்கவைக்கும் எண்ணம் மோட்டார் கார் அளவுக்கே பழையது. 1900இல் ஃபெர்டினாண்ட் போர்ஷே ஒவ்வொரு சக்கரத்துக்குள்ளும் ஒரு மின்மோட்டார் வைத்து வண்டி செய்தார். 1903இல் நெதர்லாந்தின் ஸ்பைக்கர் நிறுவனம் பெட்ரோல் எஞ்சினும் நான்கு சக்கர இயக்கமும் கொண்ட பந்தயக் கார் ஒன்றை உருவாக்கியது. ஆனால் உலகம் அதைப் பரவலாகப் பார்த்தது இரண்டாம் உலகப் போரில். அமெரிக்க ராணுவத்தின் கோரிக்கைக்கு 1940இல் பாண்டம் நிறுவனம் முதல் மாதிரியைச் செய்தது. வில்லிஸும் ஃபோர்டும் சேர்ந்து ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட ஜீப்களை உற்பத்தி செய்தன.

1945இல் தொடங்கிய மஹிந்திரா நிறுவனம் அந்த ஜீப்பை இந்தியாவில் பாகங்களைப் பொருத்தி விற்றுத்தான் வாகனத் தொழிலுக்கு வந்தது. வனத்துறை, காவல்துறை, பஞ்சாயத்து யூனியன் என்று அரசு அலுவலக வாசல்களில் ஜீப் நின்றதால், பெட்டி போன்ற உருவம் கொண்ட எதற்கும் நான்கு சக்கர இயக்கம் உண்டு என்ற எண்ணம் நம்மிடையே ஊறிவிட்டது. ஊருக்கு ஊர் ஓடும் பொலேரோக்களில் பெரும்பாலானவை பின் சக்கர வண்டிகளே. நான்கு சக்கர இயக்கத்தை நம் மலைப்பகுதிகளுக்கு அதிக எடையில்லாமல் கொண்டுவந்தது 1985இல் வந்த மாருதி ஜிப்ஸி.

ஆல் வீல் டிரைவ் பிறந்தது வேறு தேவையிலிருந்து. அதற்குக் காடுமேடு தேவைப்படவில்லை. நல்ல சாலையில் மழையும் பனியும் இருந்தால் போதும். இங்கிலாந்தின் ஜென்சன் எஃப்.எஃப். 1966இல் சாலைக்கென்றே செய்த காரில் நான்கு சக்கர இயக்கத்தைக் கொண்டுவந்தது. 320 கார்களோடு அது நின்றுபோனது. 1976-77 குளிர்காலத்தில் ஃபின்லாந்தின் பனியில் சோதனை நடத்திய ஆடி பொறியாளர்கள், உடன் வந்த ராணுவ வண்டியான இல்டிஸ் தங்கள் பலம் மிகுந்த கார்களை விஞ்சுவதைக் கண்டார்கள். அதன் விளைவு 1980இல் ஜெனீவா கண்காட்சியில் வந்த குவாட்ரோ. 1982இலும் 1984இலும் ஆடி உலக ராலி கோப்பையை வென்ற பிறகு மற்றவர்களும் அந்த வழிக்கு வந்தார்கள்.

இரண்டையும் ஒரே உடம்பில் வைத்த முன்னோடிகளில் ஒன்று 1970இன் ரேஞ்ச் ரோவர். நடு டிஃபரன்ஷியலோடு முழு நேரமும் நான்கு சக்கரம் இழுக்க, குறைவேகப் பல்லிணையும் அதில் இருந்தது. சென்னையை அடுத்த மறைமலைநகரில் உருவான ஃபோர்டு எண்டெவரின் உயர்வகையிலும், தேவைக்கேற்பத் தானே விசையைப் பகிரும் அமைப்பும் குறைவேகப் பல்லிணையும் சேர்ந்தே இருந்தன. ஆகவே இவற்றை எதிரெதிர்க் கட்சிகளாக அல்ல, ஒரே கோட்டின் இரு முனைகளாகப் பார்ப்பது சரி.

நம் தரைகளில் வைத்துப் பார்த்தால்

மணலிலிருந்து தொடங்கலாம். காய்ந்த தார்ச்சாலையில் டயருக்குக் கிடைக்கும் பிடிப்பு, அந்தச் சக்கரத்தின் மேலுள்ள எடையில் ஏறக்குறைய 80 சதவீதம். முன் சக்கரக் காரின் எடையில் 60 சதவீதம் முன்னால் இருப்பதாகக் கொண்டால், மொத்த எடையில் 48 சதவீத அளவுக்கு அது இழுக்க முடியும். பத்துக்கு ஒன்று என்ற செங்குத்தில் ஏற 12 சதவீதம்கூட வேண்டாம். தளர்ந்த மணலில் பிடிப்பு 30 சதவீதத்துக்கு இறங்கிவிட்டால் இழுவை 18 சதவீதம்தான். மணலே 15 முதல் 20 சதவீதம்வரை தடுக்கும். கார் புதைகிறது. நான்கு சக்கரமும் இழுத்தால் 30 சதவீதம் கிடைக்கும், நகர்ந்துவிடும். தேவைக்கேற்ப இறுகும் கிளட்ச் கொண்ட காரும் கொஞ்ச தூரம் போகும். ஆனால் மணலில் தொடர்ந்து உழைத்தால் தகடுகள் சூடேறி, தன்னைக் காத்துக்கொள்ள அமைப்பே விலகிவிடும். பூட்டும் வகைக்கு அந்தத் தொல்லை இல்லை.

மணலின் வரலாற்றை ஸ்ரீரங்கத்திலிருந்தும் உறையூரிலிருந்தும் ராமேஸ்வரம் போய்வந்த பெரியவர்களிடம் கேட்கலாம். 1964 டிசம்பர் புயலுக்குப் பிறகு தனுஷ்கோடிக்குச் சாலையில்லை. முகுந்தராயர் சத்திரத்தோடு வழி முடிந்துவிடும். அங்கிருந்து மணலிலும் தேங்கிய கடல்நீரிலும் யாத்ரீகர்களை ஏற்றிச் சென்றவை ஜீப்களும் நான்கு சக்கரம் இழுக்கும் வேன்களும். 2017 ஜூலை 27 அன்று அரிச்சல்முனை வரை சாலை திறக்கப்பட்டது. அன்றுமுதல் சாதாரணக் கார் போகிறது, பேருந்து போகிறது. வேன்களின் அந்தப் பிழைப்பு முடிந்தது. ஒரு நல்ல சாலை எத்தனை நான்கு சக்கர வண்டிகளைத் தேவையற்றதாக்கும் என்பதற்குத் தமிழ்நாட்டில் இதைவிடத் தெளிவான சான்று இல்லை.

அடுத்தது வயல். காவிரிப் பாசனப் பகுதியில் நான்கு சக்கர இயக்கம் உண்மையாகவே சோறு போடும் இடம் இதுதான், அதைச் செய்வது டிராக்டர். சேற்றுழவில் பெரிய பின் சக்கரம் மட்டும் இழுத்தால் அது குழி பறித்துக்கொண்டு இறங்கும். முன் சக்கரமும் இழுத்தால் டிராக்டர் மேலேறி வரும். டிராக்டரில் முன் சக்கரம் சிறியது என்பதால், அதன் விளிம்பு பின் சக்கரத்தைவிடச் சில சதவீதம் வேகமாக ஓடும்படி பல்லிணையை அமைத்திருப்பார்கள். வயலில் அது நன்மை. வயலை விட்டுத் தார்ச்சாலை ஏறியதும் லீவரை எடுத்துவிட வேண்டும், இல்லையென்றால் முன் டயர் சில மாதங்களில் தேய்ந்துபோகும். தார் வைத்திருப்பவரும் இந்த ஒழுங்கைத்தான் பின்பற்ற வேண்டும்.

மலையைப் பற்றித்தான் தவறான எண்ணங்கள் அதிகம். கொல்லிமலைக்கு 70 கொண்டை ஊசி வளைவுகள். அதில் தினமும் ஏறி இறங்கும் அரசுப் பேருந்து பின் சக்கரங்களால் மட்டும் ஓடுவது. தார் போட்ட மலைப்பாதைக்கு நான்கு சக்கர இயக்கம் தேவையில்லை. அங்கே ஒருவர் 4எச் போட்டுக்கொண்டு ஏறினால், நாம் மேலே கணக்கிட்ட 1.8 மீட்டர் 70 முறை தண்டுகளைத் திருகும். மழை நாளில் ஈரச் சாலையில் ஏறும்போது ஆல் வீல் டிரைவ் கொஞ்சம் நிதானம் தரும், அவ்வளவே. தேனி மாவட்டத்துக் கொழுக்குமலை வேறு கதை. சூரியநெல்லியிலிருந்து அங்கே போகும் பாதை கல்லும் குழியும். பழைய ஜீப்கள் குறைவேகப் பல்லிணையில் உருண்டு ஏறுகின்றன. பச்சைமலையிலும் தார்ச்சாலை விட்டு விலகும் மண்தடங்களில், மழைக்குப் பிறகு, அதே நிலைதான். அங்கே மலையில் வேலை உள்ளவருக்கு ஜிம்னியோ தாரோ பயன்படும். கிராண்ட் விட்டாராவைக் கொண்டுபோகக் கூடாது.

கடைசியாக நெடுஞ்சாலை. உறையூர்க்காரரின் கார் தன் ஆயுளில் பெரும்பகுதியை இங்கேயும் புத்தூர் நால்ரோடு நெரிசலிலும்தான் கழிக்கிறது. காய்ந்த சாலையில் இரண்டு முறைகளும் எதையும் சேர்ப்பதில்லை. பெரும் மழையில், முன் சக்கரம் ஒரு கணம் வழுக்கும்போது, ஆல் வீல் டிரைவ் ஓட்டுநருக்குத் தெரியாமலே உதவும். பகுதி நேர ஃபோர் வீல் டிரைவை இங்கே போடவே கூடாது. கிராண்ட் விட்டாரா ஆல்கிரிப்பில் ஆட்டோ, ஸ்போர்ட், லாக் நிலைகளோடு பனிக்கென்று ஒரு நிலையும் உண்டு. சித்திரை வெயிலில் திருச்சியில் அந்தக் குமிழைத் திருப்பிப் பார்ப்பதில் தவறில்லை, பயனும் இல்லை.

இரண்டாலும் முடியாதவை

நான்கு சக்கரம் இழுத்தால் பிரேக்கும் நன்றாகப் பிடிக்கும் என்று நம்புகிறவர்கள் உண்டு. எல்லாக் கார்களும் நான்கு சக்கரத்தில்தான் பிரேக் பிடிக்கின்றன. ஈரச் சாலையில் கார் எத்தனை மீட்டரில் நிற்கும் என்பதை முடிவு செய்வது டயரும் வேகமும். உள்ளே ஓடும் அடையாளக் கோடு வெளியே தெரியும்வரை, அதாவது 1.6 மில்லிமீட்டர் வரை, தேய்ந்த டயரோடு ஓடும் ஆல் வீல் டிரைவ் காரைவிட, நல்ல டயர் போட்ட சின்னக் கார் பாதுகாப்பானது. மான்ட்ரியல் நகரத் தமிழர்கள் வாழும் கனடாவின் கியூபெக் மாகாணத்தில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை எல்லாக் கார்களிலும் பனிக்கால டயர் இருக்க வேண்டும் என்பது சட்டம். ஆல் வீல் டிரைவ் வேண்டும் என்று சட்டம் கேட்கவில்லை. பனியோடு வாழ்கிற அரசே டயரைத்தான் முதலில் கேட்கிறது.

வெள்ளம் இன்னொன்று. 1977இலும் 2005இலும் திருச்சி பார்த்த வெள்ளங்களை ஊர் மறக்கவில்லை. குடமுருட்டியும் கோரையாறும் உறையூருக்குப் பக்கத்தில்தான் ஓடுகின்றன. தார் 650 மில்லிமீட்டர் ஆழம்வரை நீரில் போகலாம் என்று தயாரிப்பாளர் சொல்வது, எஞ்சின் காற்று இழுக்கும் துளையும் மின்பாகங்களும் எவ்வளவு உயரத்தில் இருக்கின்றன என்பதைப் பொறுத்தது. எத்தனை சக்கரம் இழுக்கிறது என்பதற்கும் அதற்கும் தொடர்பில்லை. அதுவும் தேங்கிய நீருக்கு மட்டுமே. ஓடும் நீர் ஒரு அடி இருந்தால் சிறிய காரைத் தூக்கும். இரண்டு அடி இருந்தால் பெரிய எஸ்யூவியையும் இழுத்துச் செல்லும். மிதக்கும் வண்டிக்கு நான்கு சக்கரம் இருந்தென்ன, நாற்பது இருந்தென்ன?

செலவு

நான்கு சக்கர இயக்கம் வாங்கும்போது மட்டும் செலவு வைப்பதில்லை. கூடுதல் தண்டு, பெட்டி, டிஃபரன்ஷியல் எல்லாம் எடை. எடை எரிபொருளைத் தின்னும். டிரான்ஸ்ஃபர் கேஸுக்கும் கூடுதல் டிஃபரன்ஷியலுக்கும் தனியாக ஆயில் மாற்ற வேண்டும். ஆல் வீல் டிரைவில் நான்கு டயர்களும் ஒரே அளவில், ஏறக்குறைய ஒரே தேய்மானத்தில் இருக்க வேண்டும்; ஒரு டயர் மட்டும் புதிதானால் அதன் சுற்றளவு மாறி, நடுவிலுள்ள கிளட்ச் ஓயாமல் உழைக்கும். வழியில் நின்றுவிட்டால் முன் சக்கரத்தை மட்டும் தூக்கி இழுத்துப் போகும் வண்டியில் ஏற்றக் கூடாது, நான்கு சக்கரமும் மேலே இருக்கும்படி ஏற்ற வேண்டும். பகுதி நேர வகையை மாதக் கணக்கில் 2எச்சிலேயே ஓட்டினால் முன்பக்க உறுப்புகளுக்கு எண்ணெய் பரவாது. அவ்வப்போது மண்தரையில் சிறிது தூரம் 4எச்சில் ஓட்ட வேண்டும்.

தேவையும் ஆசையும் வேறு என்பதைத் தயாரிப்பாளர்கள் முன்பே புரிந்துகொண்டார்கள். 2020இல் வந்த புதிய தார் முழுக்க நான்கு சக்கர வண்டி. 2023 ஜனவரியில் அதே உருவத்தில் பின் சக்கரம் மட்டும் இழுக்கும் தார் 9.99 லட்சம் ரூபாய் தொடக்க விலையில் வந்தது. தாரின் தோற்றத்தை விரும்பிய பலருக்கு 4எல் லீவர் வேண்டியிருக்கவில்லை.

அடுத்து வருவது

மின்சார வண்டிகள் இந்த விவாதத்தின் தரையையே மாற்றுகின்றன. முன்னே ஒரு மோட்டார், பின்னே ஒரு மோட்டார். இடையில் தண்டு இல்லை, டிரான்ஸ்ஃபர் கேஸ் இல்லை. இரண்டு ஆக்சிலும் தத்தம் வேகத்தில் சுற்றுவதால் அந்த 1.8 மீட்டர் ஒரு சிக்கலே இல்லை. நின்ற நிலையிலேயே மோட்டார் முழு முறுக்குவிசை தருவதால் குறைவேகப் பல்லிணையின் வேலையில் ஒரு பங்கும் தானே நடந்துவிடுகிறது. 2025 ஜூனில் வந்த டாடா ஹாரியர் மின்காரின் இரட்டை மோட்டார் வகை இந்த வழியில் வந்தது. 1900இல் போர்ஷே தொட்ட இடத்துக்கே தொழில்நுட்பம் வேறு பலத்தோடு திரும்பியிருக்கிறது. ஆனாலும் டயரின் பிடிப்பும் ஓடும் நீரின் பலமும் மின்காருக்கும் மாறப்போவதில்லை.

முடிவு

சுருக்கமாகத் தீர்ப்பு இது. கல்லும் சேறும் மணலுமான தடத்தில் வாடிக்கையாகப் போகிறவருக்கு, அதாவது மலைத் தோட்டம், வனப்பணி, வயல் வேலை உள்ளவருக்கு, குறைவேகப் பல்லிணை கொண்ட பகுதி நேர ஃபோர் வீல் டிரைவ். மழைக்காலத்தில் நெடுந்தூரம் ஓட்டுகிறவருக்கும், பனி பெய்யும் நாட்டில் வாழ்கிறவருக்கும் ஆல் வீல் டிரைவ். உறையூரிலும் ஸ்ரீரங்கத்திலும் வாழும் மற்றவர்களுக்கு இரண்டும் வேண்டாம்.

வாங்கியே தீர வேண்டும் என்றால் விற்பனையாளரிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள்: காய்ந்த தார்ச்சாலையில் நான்கு சக்கரத்திலும் ஓட்டலாமா? குறைவேகப் பல்லிணை தனியாக உண்டா? ஒரு சக்கரம் காற்றில் சுற்றினால் எதிர்ச்சக்கரத்துக்கு விசை எப்படிப் போகும்? பின்கதவு எழுத்தைவிட இந்த மூன்று விடைகளும் வண்டியை நன்றாகக் காட்டிக்கொடுக்கும். எந்த வண்டி வாங்கினாலும் டயரில் கஞ்சத்தனம் வேண்டாம். ஆற்றில் நீர் வரும் நாளில் எந்த வண்டியையும் இறக்க வேண்டாம்.